உப்பளத்துக்கு வந்த சத்து மிட்டாய்

உப்பளத்தில் குப்பை கிடந்தால் கண்ணுக்குத் தப்பாது. எங்கும் வெள்ளை. காற்றில் ஒரு ஓலைத் துண்டு வந்து விழுந்தாலும் கங்காணி தூரத்திலிருந்தே சத்தம் போடுவார். அப்படிப்பட்ட இடத்தில், ஒரு மாசி மாதக் காலையில், ஊதா நிறத்தில் பளபளவென்று ஒரு உறை பாத்தி ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் வெள்ளி மினுக்கம், ஓரத்தில் கொஞ்சம் சாக்லேட் பிசுக்கு. கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். இன்றைக்கு அந்த நிறத்தைக் கடையில் எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அப்போது நான் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். தேடிக்கொண்டிருந்தேன் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. சும்மா இருந்தேன். அண்ணன் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். அவன் மனைவி, என் மதினி, மாப்பிள்ளையூரணிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓர் உப்பளத்தில் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே உப்பு சுமக்கிறவள். "வீட்ல செவுத்த மொறச்சிக்கிட்டுக் கெடக்கதுக்கு என்கூட வாளா. செவுத்துக்காவது நிம்மதி கெடைக்கட்டும்" என்று அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

மதினி ஆழ்வார்திருநகரிப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரி. குளிக்க ஆறு, குடிக்க ஆறு என்று வளர்ந்தவள். அவளை உப்புக்காட்டில் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தார்கள். அதைப் பற்றி அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. வாய் நிறையக் கிண்டல், கை நிறைய வேலை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். என்னை அடக்குகிற ஒரே ஆள் வீட்டில் அவள்தான்.

வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருட்டோடு பாத்தியில் இறங்கி, பலகையால் உப்பை வாரி ஒதுக்கி, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையிலிருக்கும் மேட்டில் கொட்ட வேண்டும். வெயில் ஏறினால் தரையே கண்ணைக் குத்தும். அதையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். பழக முடியாதது வேறு ஒன்று. அங்கே பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான பாத்தி. வரப்பில் ஆண்கள், ரோட்டில் லாரிகள். எங்கோ ஒரு கோடியில் முள் அடர்ந்த நாலு உடைமரம். அங்கே போவதென்றால் இரண்டு பேர் சேலையை மறைப்பாகப் பிடிக்க வேண்டும். போய் வருவதற்குள் கங்காணி நாலு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்.

அதனால் உப்பு வாரக் கற்றுக்கொள்வதற்கு முன்பே பெண்கள் தண்ணீர் குடிக்காமலிருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். முதல் நாள் நான் பாட்டிலைத் தூக்கியதும் மதினி தடுத்தாள்.

"வாய நனைச்சிட்டுத் துப்பு. முழுங்காத."

"தாகமா இருக்கே மதினி."

"தாகமெல்லாம் வீட்ல போயி வச்சுக்கிடலாம். இங்கன அதுக்கு எடம் இல்ல."

ஆனால் கஞ்சி உண்டு. வெயில் முறுகுகிற நேரத்தில் எல்லோரும் கரையேறி ஓலைக் கொட்டகைக்குள் உட்காருவோம். ஆளுக்கொரு தூக்குவாளி. முதல் நாள் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, கையால் பிசைந்து கரைத்தது. கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், சுட்ட சாளைக் கருவாடு. உப்பு குறைந்தால் மதினி என் கூடையைக் காட்டுவாள்: "ஒரு கடலே கெடக்கு, போட்டுக்க." வாளியைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை குடிப்போம். அது சாப்பாட்டுக் கணக்கு. தண்ணீர்க் கணக்கில் அதை யாரும் சேர்த்ததில்லை.

உப்பளத்து முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தது அந்த மாசியில்தான். நல்ல பையன். அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதையில் ஆளைப் பழி சொல்லித் தப்பித்துவிடலாம் என்று தோன்றும். ஜிம்முக்குப் போய் இறுகிய உடம்பு. எங்கே போனாலும் கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில், கைப்பிடி வைத்தது. பேசும்போதுகூட நடுநடுவே ஒரு மடக்குக் குடிப்பார். எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் கொட்டகைக்கு வந்து எங்கள் வாளிகளை எட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்னக்கா, இவ்வளவு வேலை செய்றீங்க, இதுல வெறும் மாவுச்சத்துதானே இருக்கு? புரோட்டீனே இல்ல. உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

மதினி கருவாட்டைத் தூக்கிக் காட்டினாள். "இது என்ன தம்பி, வெண்டைக்காயா?"

அவரும் சிரித்துவிட்டார். மறு வாரம் அவர் காரில் பெட்டி பெட்டியாக, அந்த ஊதா உறையில், புரோட்டீன் பார் வந்து இறங்கியது. சர்க்கரை சேர்க்காதது, முட்டைக்குச் சமமான சத்து, வெளியூர்களில் ஓட்டப் பந்தயக்காரர்கள் தின்பது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். தினம் ஆளுக்கொன்று, இலவசம். அவரும் எங்கள் முன்னால் ஒன்றைப் பிரித்துத் தின்றார். தின்று முடித்ததும் பாட்டிலைத் தூக்கிப் பாதியைக் காலி செய்தார். நாங்கள் அத்தனை பேரும் பாரைத்தான் பார்த்தோம். பாட்டிலை யாரும் பார்க்கவில்லை.

பெண்கள் அதற்குச் சத்து மிட்டாய் என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. அசட்டுத் தித்திப்பு, மென்றால் பல்லில் மண் போல ஒட்டுகிறது, விழுங்கினால் தொண்டை வறளுகிறது. இரண்டாம் நாளே வேண்டாம் என்று வாளியோடு உட்கார்ந்துவிட்டேன். "பி.ஏ. படிச்சவளுக்குக் கஞ்சி, படிக்காதவளுக்குச் சாக்லேட்டு. காலம் தலைகீழாப் போச்சு" என்றாள் மதினி. அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ருசிக்காக அல்ல. முந்தின ராத்திரி சோறு மிச்சம் வைக்க வேண்டாம், வாளி கழுவ வேண்டாம், இருட்டில் வெங்காயம் உரிக்க வேண்டாம். நெடுநாள் கழித்து விடியலுக்கு முன் கொஞ்ச நேரம் கூடுதலாகப் படுத்திருந்தாள்.

கொஞ்ச நாளில் இன்னொரு சங்கதியும் கண்டுபிடித்தாள். அதை என்னிடம் ரகசியம் போலத்தான் சொன்னாள்.

"ஏளா, இதத் தின்னா ஒதுங்குத சோலியே இல்ல பாத்துக்கோ. காலைல வந்தா வீட்டுக்குப் போற வரைக்கும் நெனப்பே வரல."

இந்தச் செய்தி உப்பளம் முழுக்கப் பரவியது. சத்து, முட்டை, ஓட்டப் பந்தயம் எதுவும் செய்யாத வேலையை அது செய்தது. அதுவரை தயங்கியவர்களும் வாளியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். புரோட்டீன் பாரைப் பற்றி உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் புகழ்ந்திருப்பார்கள். இதற்காகப் புகழ்ந்தவர்கள் எங்கள் பெண்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

வாளிகள் குறைந்ததும் கொட்டகையில் உட்காருகிறவர்கள் குறைந்தார்கள். மிட்டாயை நின்ற இடத்திலேயே பிரித்துத் தின்றுவிட்டுக் கூடையைத் தூக்கலாம். கங்காணி அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். பங்குனிக் கடைசியில் கொட்டகை ஓலையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் உப்பைக் குவித்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் கேட்டேன். "ஒனக்கு ஒருத்திக்காகவா கொட்டகை? அந்தா லாரி நெழல்ல போயி உக்காரு தாயி" என்றார் கங்காணி. லாரி நிழலில் டீசல் நாற்றத்தோடு கஞ்சி குடித்துவிட்டு, உடைமரத்துக்கு மறைப்புப் பிடிக்க ஆள் தேடி அலைந்தேன். வருவதற்கு ஆளில்லை. யாருக்கும் அந்தத் தேவையே இல்லாமல் போயிருந்தது. அப்போதுதான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. இத்தனை பெண்கள், இத்தனை வெயில், ஒருத்திக்குக்கூட அவசரமில்லை என்றால் எப்படி?

மதினியிடம் சொன்னேன். "நீ வாய வச்சுத் தொலைக்காத. இப்பத்தான் ஒரு நல்லது வந்திருக்கு" என்றாள்.

சித்திரை பிறந்தது. மதினியின் முகம் உப்பியது. காலையில் எழுந்ததும் கண்ணைத் திறக்க முடியாமல் இமை தடித்திருக்கும். கன்னம் மினுமினுவென்று இருக்கும். அதைப் பார்த்து ஊரே மெச்சியது. "மிட்டாய் சத்து ஒட்டிட்டு பாத்தியா, முகம் பூசினாப்ல ஆயிட்டு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அண்ணன்கூட, "இப்பத்தான் ஒன் மூஞ்சி கல்யாண போட்டோல உள்ள மாதிரி இருக்கு" என்று சொல்ல, மதினி வெட்கப்பட்டாள். சின்ன முதலாளி அவளை நிற்க வைத்து, "பாத்தீங்களாக்கா, ரிசல்ட் தெரியுது" என்று போன் கேமராவில் படம் எடுத்தார். எங்கள் பக்கத்தில் மெலிந்தால்தான் நோய். சதை போட்டவளை யாரும் வைத்தியரிடம் கூட்டிப்போக மாட்டார்கள்.

கால் விரலில் மெட்டி இறுகி, சுற்றிலும் சதை பிதுங்கியது. சோப்புப் போட்டுக் கழற்றப் பார்த்தோம், வரவில்லை. மீன் குழம்பு வாசனை வந்தாலே வாசலுக்கு ஓடிப்போய்க் குமட்டினாள். கடற்கரை ஊரில் மீன் வாசனைக்கு எங்கே போய் ஒளிவது? வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டோம். சோறும் இறங்கவில்லை. மிட்டாய் மட்டும் இறங்கியது. வேண்டாதவர்கள் தங்கள் பங்கையும் அவளிடமே கொடுத்தார்கள். "சாப்பாடு செல்லலன்னா என்ன, இதுல எல்லாம் இருக்குன்னு அந்தத் தம்பி சொல்லுதாரே" என்பாள். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் அடுத்த அறையில் எனக்குக் கேட்கும்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தைக் கோபமாகத்தான் எனக்குக் காட்டத் தெரியும். ஒரு நாள் அவள் முந்தானை முடிச்சிலிருந்த மிட்டாயைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். மதினி போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து, உறையில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, மறுபடியும் முடிந்துகொண்டாள்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்த நாட்கள். பாத்தியில் தண்ணீர் வெயிலுக்கு வற்றி, அடியில் உப்பு பூப்பதைப் பார்த்தபடி நான் வாரிக்கொண்டிருந்தேன். மதினி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள். எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டுகிறது. அவள் முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கன்னத்தில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து காய்ந்திருந்தது.

"ஏளா, குளுருதுளா" என்றாள்.

அந்த வெயிலில் அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கை பலகையை விட்டுவிட்டது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் கூடையோடு சரிந்தாள். உப்பு அவள் மேலேயே கொட்டியது. வாயைத் துடைத்துத் தண்ணீர் விடலாம் என்று திரும்பினால், அத்தனை பெண்களில் ஒருத்தியிடமும் தண்ணீர் மிச்சம் இல்லை. ஒருத்தியிடமும் கஞ்சி வாளியும் இல்லை. என் வாளி மட்டும் அந்தப் பக்கம் லாரிக்கு அடியில் இருந்தது. ஓடினேன். திரும்பி வந்து கஞ்சித் தண்ணீரை அவள் வாயில் விட்டபோது அது கடைவாய் வழியாக வழிந்தது.

அரசு மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் பார்த்தார். ரத்தப் பரிசோதனை வந்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அண்ணனையும் என்னையும் வெளியே கூப்பிட்டு, இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன என்றார்.

"வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பாங்க?"

"குடிக்க மாட்டோம் டாக்டர். அங்கன ஒதுங்க எடம் கெடையாது" என்றேன்.

"சொட்டுக்கூடவா? அந்த வெயில்லயா? அப்ப இத்தனை வருஷம் எப்படித் தாக்குப் பிடிச்சாங்க?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கஞ்சி என்று சொல்ல வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சோறு கொஞ்சம், மீதியெல்லாம் தண்ணீர். வாளி நிறையத் தண்ணீரை, அதில் உப்பும் போட்டு, சாப்பாடு என்று பேர் சொல்லித் தினமும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அதைத்தான் வீட்டில் வைத்துவிட்டு வந்தோம். ஒதுங்கும் தேவை நின்றுபோனதும் மிட்டாயின் மகிமை என்று கொண்டாடினோம்.

இடுப்பில் மதினியின் முந்தானையிலிருந்து அவிழ்த்து வைத்திருந்த மிட்டாய் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் உறையின் பின்பக்கத்தைப் படித்தார்.

"இது விஷம் இல்லம்மா. நானே டியூட்டில சாப்பாட்டுக்கு நேரமில்லன்னா இதத்தான் திம்பேன். ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு, பக்கத்துல தண்ணி வச்சுக்கிட்டு, எப்பவாவது ஒண்ணு தின்னா ஒண்ணுமில்ல. புரோட்டீன் உடம்புல போனா அதோட கழிவை வெளிய தள்ளத் தண்ணி வேணும். இவங்க தண்ணியை நிறுத்திட்டு இதைத் தின்னுருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "இது மட்டும் காரணம் இல்ல. பல வருஷமா வறண்டு கெட்டுப்போன கிட்னி. இந்தக் கோடையில முடிஞ்சிருச்சு" என்றார்.

சின்ன முதலாளி பார்க்க வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு கையில் வழக்கமான அந்தப் பாட்டில். மதினி மயக்கத்தில் கிடந்தாள். நான் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் என் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். சத்து கொண்டுவந்து இறக்கிய கை ஒரு கக்கூஸ் கட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "எனக்கு அது தோணவே இல்லக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது. அது உண்மை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கண்டிப்பாகக் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த உப்பளத்தைத் தாண்டித்தான் இப்போதும் பஸ்ஸில் போய் வருகிறேன். நாலு உடைமரம் இருந்த இடத்தில் மூன்று நிற்கிறது. வேறு எதுவும் எழும்பவில்லை.

மதினி பிழைத்தாள். பிழைத்தாள் என்றால், வாரத்தில் பாதி நாள் இயந்திரத்தோடு குழாய் போட்டு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், அப்படி. வீட்டுக்கு அனுப்புகிற நாளில் அதே டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். உப்பு சேர்க்கக் கூடாது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும், கிட்னி வெளியே தள்ளாது, மிஞ்சினால் நெஞ்சில் கோத்துக்கொள்ளும்.

"காப்பி, மோர், ரசம், கஞ்சி, எல்லாமே தண்ணிக் கணக்குதான். புரியுதா? தாகத்தை அடக்கிப் பழகணும். கஷ்டமா இருக்கும்."

"அது எனக்குப் பழக்கந்தான் டாக்டரம்மா" என்றாள் மதினி.

டாக்டர் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டார். "இப்படித்தான் இருக்கணும்" என்று அவள் தோளில் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மதினி கஞ்சி கேட்டாள். மாசிக்குப் பிறகு அவள் கஞ்சி கேட்டது அன்றைக்குத்தான். அவளுடைய பழைய தூக்குவாளியிலேயே கரைத்தேன். உப்பில்லாத கஞ்சி. டாக்டர் காட்டிய சின்ன டம்ளரில் அளந்து ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் நீட்டினாள். வாளியில் மீதி இருந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துளா. தாகமா இருக்கு" என்றாள்.

அத்தனை வருஷத்தில் தனக்குத் தாகம் என்று அவள் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. வாளியை மூடி, எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.